"வேலைக்கு ஆள் இல்லை" என்போர் பார்க்க வேண்டிய கணக்கு

எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஊரில் பேக்கரி நடத்தும் ஹாஜியார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சேர், ஓ.எல். எழுதிட்டு சும்மா இருக்கிற புள்ளைகள் ரெண்டு பேர அனுப்புங்களே, வேலைக்கு ஆளே இல்ல" என்றார். புடவைக் கடைக்காரரும் வீடு கட்டும் கொந்தராத்துக்காரரும் இதையே சொல்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள், போனைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதுதான் எல்லோரும் கூறும் காரணம்.

இருபது வருடங்களாக அந்தப் பிள்ளைகளோடு இருப்பவன் என்ற வகையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே "சோம்பேறிகள்"தான் கட்டாரின் கொளுத்தும் வெயிலில் கம்பி கட்டுகிறார்கள்.

கட்டாரில் 2021 முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் மேலும் 800 ரியால் கொடுக்க வேண்டும். 2022 ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அந்த 1,000 ரியால் சுமார் 55 ஆயிரம் ரூபா. ரூபா சரிந்த பின்னர் அது 80 ஆயிரத்தைத் தாண்டியது. அங்குள்ள முதலாளி ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கவில்லை. இங்கோ 2026 ஜனவரி முதல்தான் சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளம் 30 ஆயிரம் ரூபா. 2022 தொடக்கம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவதில் என்ன ஆச்சரியம்?

கட்டார் சம்பளத்தை ஹாஜியாரால் கொடுக்க முடியாது. மாவின் விலையும் மின்கட்டணமும் எனக்கும் தெரியும். ஆனால் கொடுக்கக்கூடியதையாவது கொடுக்கிறோமா? ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். 30 ஆயிரம் சம்பளத்துக்கு இது மாதம் 4,500 ரூபா. எமது பசாரில் இதை ஒழுங்காகக் கட்டும் கடைகளை விரல் விட்டு எண்ணலாம்.

என் மாணவன் ஒருவன் ஒரு கடையில் மூன்றரை வருடங்கள் வேலை செய்தான். மோட்டார் சைக்கிள் வாங்க லீசிங் கேட்டுப் போனபோது, அங்கே வேலை செய்ததைக் காட்ட அவனிடம் ஒரு துண்டுக் கடிதம்கூட இருக்கவில்லை. அடுத்த மாதமே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தான். முதலாளிக்கு இன்றும் அவன் மீது கோபம், "நான் வளர்த்த பொடியன்" என்று.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. நாட்டில் தொழில் செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். என் வகுப்பில் கணக்கில் முன்னிற்பவர்கள் பெண் பிள்ளைகள்தான். ஏ.எல். முடிந்ததும் அவர்களில் பலர் வீட்டில். புடவைக் கடைக்கு வருவோரில் பெரும்பாலானோர் பெண்கள், விற்பவர்களோ அனைவரும் ஆண்கள். கடையில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை, பூட்டுவது இரவு ஒன்பது மணிக்கு. எந்த உம்மா மகளை அனுப்புவார்? ஆறு மணியோடு அவர்களை அனுப்பி வைத்தால் வியாபாரம் படுத்துவிடுமா?

ஹாஜியாரிடம் நான் இரண்டே விடயங்கள் கேட்டேன். நியமனக் கடிதம் கொடுப்பீர்களா, சேமலாப நிதி கட்டுவீர்களா? "யோசிச்சுச் சொல்றன் சேர்" என்றார். பதில் வந்ததும் இரண்டு பேரை நானே கூட்டிச் செல்வேன்.