கூடாரமடிக்க இடந் தேர்தல்

கடையம் வட்டாரத்து நிலச் சொந்தக்காரர்களில் அநேகர் சில வருஷங்களாக என்னிடம் கேட்டுவரும் கேள்வி நெல்லைப் பற்றியதன்று, எருவைப் பற்றியதுமன்று. பட்டணங்களிலிருந்து குடும்பத்துடன் மோட்டாரில் வந்திறங்குவோர், இரண்டு நாள் குளத்தையும் காட்டையும் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் கூடாரமடித்துத் தங்க இடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு எவ்விடத்தைக் காட்டுவது என்பதே அக்கேள்வி. குற்றாலத்தில் சாரற்காலத்து ஜனநெருக்கத்தைப் பொறாதவர்கள் தெற்கே தள்ளிவந்து ராமநதி, கடனாநதி அணைகளையும், சிவசைலத்தையும், தோரணமலையையும் நாடுகிறார்கள். பாரதியார் 1918 முதல் 1920 வரை வசித்த ஊராயிற்றே என்று வருவோரும் உண்டு.

வருகிறவர்களைத் தடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. ஆனால் இடத்தை அவர்களே தேர்ந்துகொள்ளும்படி விட்டுவிடுவது பெருந்தவறு. நிலத்தின் குணத்தை அறிந்தவர் குடியானவர். எல்லையை அறிந்தவர் கிராம நிர்வாக அலுவலர். இவ்விருவருமே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பட்டணத்தார் கண்ணுக்கு அழகான இடத்தையே தேர்வார்கள். நம் பக்கத்திலோ கண்ணுக்கு மிகவும் அழகான இடங்கள் மூன்று. மலையடிக் காடு ஒன்று, கோடையில் வற்றிய குளத்தின் உள்வாய் ஒன்று, மறுகாலுக்குக் கீழே பசும்புல் படர்ந்த தரை ஒன்று. மூன்றும் கூடாரத்திற்கு ஆகாதவை.

காட்டைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டுவதில்லை. முண்டந்துறையில் 1962-லும் களக்காட்டில் 1976-லும் ஏற்பட்ட சரணாலயங்கள் இரண்டையும் சேர்த்து 1988-இல் அமைந்த புலிகள் காப்பகம், கடையத்து மலைக்காட்டையும் தன்னுள் அடக்கியது. வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் இராத் தங்கலாகாது. காட்டில் ஜனங்கள் திரளாகத் தங்கினால் என்ன நேரும் என்பதை அறிய நாம் தொலைதூரம் போகவேண்டுவதுமில்லை. பாபநாசத்திற்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் குடில் கட்டித் தங்குவது நெடுநாளைய வழக்கம். வண்டி பெருகி ஜனம் பெருகியபின், குப்பையும் மலமும் ஆற்றுநீரைக் கெடுத்தன; ஆகையால் தங்கும் நாட்களைச் சர்க்கார் சுருக்கவும், கொண்டுவரும் பொருள்களைச் சோதிக்கவும் நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு வரும் நம் ஜனங்கள் விஷயத்திலேயே இவ்வாறாயின், வேடிக்கை பார்க்க வருவோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

காட்டின் விளிம்பும் காட்டைப் போன்றதே. 2022 நவம்பரில் கடையத்தை அடுத்த சிற்றூரொன்றில் பகற்பொழுதிலேயே கரடியொன்று மூவரைக் கடித்துக் குதறியது. தென்னை வைத்திருப்போர் யானையையும், கிழங்கு பயிரிடுவோர் பன்றியையும் நன்கறிவர். கூடாரத்தருகே கொட்டும் மீந்த சோறு இவற்றுள் பன்றிக்கும் கரடிக்கும் அழைப்பாகும். காய்ந்த புல் நிற்கும் மலைச்சரிவுகளிலோ தீயின் அபாயமும் உண்டு. தேனி ஜில்லா குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனிக் குளத்தின் உள்வாய். சித்திரை, வைகாசியில் அது மைதானம்போல் தோன்றும். மோட்டாரும் நேரே இறங்கும். ஆனால் அது வண்டல். ஒரு கோடைமழை பெய்துவிட்டால் சக்கரம் அச்சுவரை புதையும். பின்பு ஊர் டிராக்டரையும் ஊராருடைய பொறுமையையும் இரவல் வாங்கவேண்டியதுதான். அதைவிட முக்கியமானது, அங்கே விட்டுச்செல்லும் அசுத்தம் யாவும் அடுத்த நீர்ப்பெருக்கில் நம் வயலுக்கும் மாடுகளின் வாய்க்கும் வந்துசேரும் என்பது. எலிக்காய்ச்சல் தேங்கிய அசுத்த நீரினால் பரவுவதென்பதைக் கார் நடவு நடுகிறவர்களுக்கு எடுத்துச்சொல்லி வருகிறோம். அந்நீரை நாமே கெடுக்க இடங்கொடுப்பது எவ்விதத்தில் பொருந்தும்? குளத்தின் புறம்போக்கு ஆக்கிரமிக்கப்படாமல் காக்க 2007-இல் தனிச் சட்டமே செய்யப்பட்டிருக்கிறது. ஒருநாள் கூடாரம் ஆக்கிரமிப்பாகுமா என்று சிலர் வாதிக்கலாம். இன்று கூடாரம், அடுத்த வருஷம் கீற்றுக்கொட்டகை, அதற்கடுத்த வருஷம் சிமிண்டுத் தளம். குளங்கள் சுருங்கிய வரலாறு நம் ஜில்லாவில் ஒவ்வோர் ஊரிலும் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது இடத்தைப் பற்றி நான் சொந்த அநுபவத்திலிருந்தே எழுதவேண்டியவனாயிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதம், எனக்கு வேண்டிய விவசாயி ஒருவர் தம் உறவினர் குழந்தைகள் கூடாரமடித்துத் தங்க நல்ல இடமொன்று காட்டும்படி கேட்டார். குளத்து மறுகாலுக்குக் கீழே, கால் மைலில், மெத்தை விரித்தாற்போன்ற பசும்புல் தரையொன்றைக் காட்டினேன். முள் இல்லை, கல் இல்லை, பக்கத்தில் மருதமரம். அன்று மாலை ஊரில் ஒரு தூற்றல்கூட இல்லை. மலையின்மேல் மாத்திரம் மேகம் கறுத்திருந்தது. அதையும் குழந்தைகளுக்கு அழகென்று சுட்டிக்காட்டினேன். நள்ளிரவில் குளம் பெருகி மறுகால் விழுந்தது. மறுகாலைப் பார்க்க விளக்கோடு வந்த நீர்பாய்ச்சி கூடாரங்களைக் கண்டு கூக்குரலிட்டிராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க எனக்கு இன்றும் துணிவில்லை. முழங்காலளவு நீரில் குழந்தைகளைத் தோளிலேற்றிக் கரையில் விட்டோம். கூடாரம் இரண்டும், பாத்திரங்களும் போயின. விடிந்தபின் அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது இவ்வளவே: “ஐயா, அந்த இடத்திலே கோரை நின்னுச்சே, பாக்கலியா?”

நான் பார்த்தேன், பார்த்தும் படிக்கவில்லை. விவசாயப் பள்ளியில் டிப்ளமா பெற்றவன், கோரையும் நீர்முள்ளியும் எங்கே முளைக்கும் என்று பிறருக்குப் போதிப்பவன், சுற்றிலும் புல் காய்ந்திருக்கையில் ஓரிடத்தில் மட்டும் பசுமை நிற்பதன் காரணத்தைக் கேளாமல் விட்டேன். அது நீர் நிற்கும் இடம். நீர் நடக்கும் வழி. ஆவாரை பூத்து நிற்கும் மேடு கண்ணுக்கு வறண்டதாய்த் தோன்றினும் படுக்கைக்கு அதுவே தகும்.

நம் மலையடிவாரத்தில் நீரின் வேகம் சமவெளியாரின் கணக்கிற்கு அடங்காதது. கடனாநதி அணையின் முழு உயரம் 85 அடி, ராமநதியின் உயரம் 84 அடி. குண்டாற்றினதோ 36 அடியே. மலை செங்குத்து, அணை சிறிது. ஆகவே மேலே பெய்யும் கனமழை நெடுநேரம் தங்காமல் கீழே வந்துவிடுகிறது. பழைய குற்றாலத்தில் 2024 மே 17-ஆம் தேதி நொடிப்பொழுதில் திரண்டுவந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச்சென்றது. சாரற்காலம் அப்பொழுது தொடங்கவுமில்லை. ஆற்றுமணலிலும், ஓடையிலும், மறுகால் போக்கிலும், அணைக்குக் கீழேயுள்ள வாய்க்காற்கரையிலும் எந்த மாதத்திலும் கூடாரமடிக்க இடங்கொடுக்கலாகாது. “மழைக்காலத்தில் மாத்திரம்” என்ற விலக்கையும் நான் ஒப்பமாட்டேன்.

அங்ஙனமாயின் எங்கே தங்குவது? என் விடை: உங்கள் சொந்தப் புஞ்சையில். இது புதுமையன்று. அறுவடையானபின் கிடை போட வரும் கோனார்களைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் நாலாபுறமும் நடந்து பார்த்து, நீர் வடியும் மேட்டுச்சரளையில், காற்றை மறைக்கும் வரப்போ வேலியோ உள்ள பக்கத்தில், ஓடைக்கு விலகித்தான் பட்டி அடைப்பார்கள். ஆட்டுக்குத் தேரும் இடத்தில் காட்டும் நிதானத்தை மனிதருக்கும் காட்டவேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டுக்கிடை நிலத்திற்கு எருவை விட்டுச்செல்கிறது. பட்டணத்துக் கிடை பிளாஸ்டிக்கை விட்டுச்செல்கிறது. வந்த பைகளை எண்ணி, போகும்போதும் எண்ணி அனுப்புவது மரியாதைக் குறைவாகாது.

மாந்தோப்பு, புஞ்சைமேடு, நெற்களத்தை ஒட்டிய தரை ஆகியவை உத்தமம். தென்னந்தோப்பு நிழலுக்கு இனிதாயினும் கூடாரத்தை மரத்தடியில் அடிக்கலாகாது. காயும் மட்டையும் ஆள் பார்த்து விழா. புளியமரத்தடியில் பேய் உண்டென்று பெரியோர் சொல்வதைக் கேட்டு நகைப்பவர்கள், பட்டுப்போன கிளை தலைக்குமேல் இருக்கிறதா என்றாவது அண்ணாந்து பார்ப்பார்களாக. கறையான் புற்று அருகிலிருந்தால் பாம்பை நினைக்கவேண்டும். சாரற்காலத்து மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து இராமுழுதும் வீசுவதால், கூடாரத்தின் வாயில் கிழக்கு நோக்கியிருப்பதும், அடுப்பு அதற்கும் கிழக்கே தள்ளி, சருகு கூட்டிய வெறுந்தரையில் இருப்பதும் அவசியம். மேற்கே அடுப்பு வைத்தால் பொறி கூடாரத்தின்மேல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று மாறுமாகையால் அப்போது இதையும் மாற்றிக்கொள்க.

கக்கூஸ் இல்லாத இடமாயின், கிணற்றுக்கும் குளத்து விளிம்புக்கும் குறைந்தது எழுபது கெஜம் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழியெடுத்து மண்ணிட்டு மூடச்சொல்லவேண்டும். ஆழமாகத் தோண்டினால் நல்லதென்று பலர் எண்ணுகிறார்கள். அது பிசகு. மலத்தை மண்ணாக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் செழித்திருக்கின்றன. எருக்குழியைப் பற்றி நாம் பேசும்போது சொல்வதும் இதுவே.

சொந்த நிலம் என்பதால் அபாயமில்லை என்று கொள்ளவும் வேண்டா. நம் தோட்டங்களில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் இன்னும் எத்தனையோ உள. உள்ளூர்ப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டும் அதைச் சுற்றி ஓடுவர். பட்டணத்துப் பிள்ளைக்கு இருட்டில் அது தரையே. சுவரெழுப்பாத கிணறுள்ள தோட்டத்தில் எவரையும் தங்கவைக்க நான் யோசனை கூறமாட்டேன். பூச்சிமருந்து தெளித்த வயலுக்கு அருகே சில நாட்களுக்கு இடந்தரலாகாது. பன்றிக்கென்று களவாக மின்கம்பி இழுத்திருப்போரைப் பற்றி எழுதக் கூசுகிறது. அது யானையையும் அண்டைவீட்டாரையும் கொன்றிருக்கிறது, விருந்தாளியையும் விடாது. கம்பியை அகற்றிவிட்டே மறுபேச்சுப் பேசவேண்டும்.

சிலர் சொல்லக்கூடும்: “குளத்தைப் பார்க்க வந்தவர் புஞ்சையில் தங்குவாரா?” தங்குவார். இரண்டு பர்லாங் நடந்தால் விடியற்காலையில் குளத்தின் பறவைகளைக் கரையிலிருந்தே கண்டு திரும்பலாம். இரவில் குளத்தில் காண்பதற்குக் கொசுவன்றி வேறில்லை. நிலக்காரருக்கோ வாடகையோடு இளநீர், நெல்லி, எலுமிச்சை, காய்கறி ஆகியவற்றைத் தரகரில்லாமல் விற்கும் வழி திறக்கிறது. குளம்புறம்போக்கில் தங்கினால் இதில் ஒரு காசும் அவரைச் சேராது. குப்பை மாத்திரம் ஊராரைச் சேரும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். கர்ணம், மணியம் உத்தியோகங்கள் 1980-இல் நீக்கப்பட்டபோது, எந்தத் துண்டு பள்ளம், எந்தத் துண்டு பழைய ஓடை என்ற வாய்மொழி ஞானத்தில் ஒரு பகுதியும் அவர்களோடு போய்விட்டது. புலப்படங்களும் ஊர்ப் பெரியவர்களும் நீர்பாய்ச்சிகளும் இன்னும் இருக்கிறார்கள். வைகாசி முடிவதற்குள், சாரலுக்குமுன், அவர்களில் இருவரை உடனழைத்து, படத்தைக் கையில் கொண்டு, குளத்தின் மறுகாலிலிருந்து ஓடை சேரும் இடம்வரை ஒருமுறை நடந்து பார்த்து, கூடாரமடிக்கலாகாத இடங்களில் தமிழில் பெரிய எழுத்தில் பலகை நாட்டுவது ஒருநாள் வேலை. எங்கள் ஊர்க் குளத்தில் முதற்பலகையை எங்கே நாட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.