அடிவாங்கும் தாய் பிள்ளையையும் இழக்க வேண்டுமா?

கணவனிடம் அடிவாங்கும் பெண் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு மானம் மட்டும் காரணமல்ல. "வெளியே சொன்னால் பிள்ளைகளை மறந்துவிடு" என்ற மிரட்டலே அவளை அதிகம் கட்டிப்போடுகிறது.

இந்த அச்சம் நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல. நியூயார்க் நகரக் குழந்தைகள் நலத்துறை, அடிவாங்கிய தாய்மார்களையே குற்றவாளிகளாக்கி, அவர்களின் பிள்ளைகளைப் பிரித்தது. நிக்கல்சன் வழக்கில் 2002-இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார். தாய் அடிவாங்குவதைக் குழந்தை பார்த்தது என்பது மட்டுமே தாயின் அலட்சியம் ஆகாது என்று அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2004-இல் தெளிவுபடுத்தியது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. அதன் 21-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு கேட்கும் தாய் அதே வழக்கில் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பையும் கேட்கலாம். தந்தை வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்காகும் என்றால் நீதிபதி அதை மறுக்க வேண்டும். பெண் தற்போது தங்கியிருக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்கிறது 27-ஆம் பிரிவு. வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, செம்பாக்கத்தில் உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பியவர் கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

நிரந்தரப் பொறுப்பை முடிவுசெய்யும்போது, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தையின் நலனே முதன்மை. ஹனஃபி சட்டமும் மகனை ஏழு வயது வரையிலும், மகளைப் பருவமடையும் வரையிலும் தாயிடமே விடுகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தக் கூடாது என்பது திருக்குர்ஆனின் (2:233) அறிவுரை.

அப்படியிருந்தும் தாய்மார்கள் தோற்பது எங்கே? உயிருக்குப் பயந்து பிள்ளைகளை விட்டு வெளியேறுகிறார்கள். மாதங்கள் கழிகின்றன. பிறகு, "பிள்ளைகள் இங்கேதான் பழகிவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. அடிபட்டதற்கு மருத்துவச் சீட்டுகூட இருப்பதில்லை. "பொறுத்துப் போம்மா" என்று நாம் சொன்ன ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

எனவே, ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது இதுதான். சமரசம் பேசுங்கள், ஆனால் அடித்தவரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பேசாதீர்கள். காயத்தோடு வரும் பெண்ணை முதலில் அரசு மருத்துவமனைக்கும், பிறகு மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமும் அனுப்புங்கள். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வையுங்கள். குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் விசாரிக்கட்டும். அதுவரை தாயும் பிள்ளையும் பாதுகாப்பாக இருப்பது நம் பொறுப்பு.