நாற்பது வயதில் ஓய்வு: யாருடைய உழைப்பில்?

'நாற்பது வயதில் ஓய்வு' என்ற முழக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்து சேர்ந்துவிட்டது. பென்னிங்டன் நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி இடைவேளையில் யூடியூபில் பார்ப்பது இதைத்தான். ராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்டு முடித்துப் பஸ் ஏறும் தங்கையின் செல்போனிலும் இதுதான் ஓடுகிறது. மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடு, சொந்தத் தொழில் தொடங்கு, நாற்பதில் வேலையை விடு, மிச்ச வாழ்க்கையைச் சுதந்திரமாக வாழ் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபயர்' என்று சுருக்கப் பெயர். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் 'ஃபயர்' என்றால் வேறு பொருள் உண்டு. 2012-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களையும், 2021-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களையும் பறித்த பட்டாசு ஆலைத் தீ அது. அந்த ஆலைகளில் மருந்து செலுத்தியவர்களுக்கும் ஓய்வு வந்தது. கேட்காமலே வந்தது.

இந்த முழக்கத்தை ஒரே அடியாகத் தள்ளிவிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. இதில் எது நமக்கானது, எது நம்மை ஏமாற்றுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கணக்கு போட்டார். சேமிப்பில் முதல் ஆண்டு 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனாலும் முப்பது ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்றார். அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருந்தால் போதும். இது அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு. அதை அப்படியே தமிழில் பேசி நம் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய் செலவாகும் குடும்பம். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 25 மடங்கு என்றால் 90 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் இருபது ஆண்டுகளில் அந்த 30,000 ரூபாய்ச் செலவு ஏறத்தாழ 96,000 ஆகிவிடும். அப்போது தேவைப்படுவது 2 கோடியே 88 லட்சம். அவர்கள் வாக்களிக்கும் 12 விழுக்காட்டு வருமானம் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் கிடைத்தாலும், இந்தத் தொகையைச் சேர்க்க மாதம் சுமார் 29,000 ரூபாய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 30,000 செலவழிப்பவர் இன்னொரு 29,000 சேமிக்க வேண்டும்! எங்கள் பக்கத்து நூற்பாலையில் 59,000 ரூபாய் சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்காரரும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் அக்காவும் அந்தச் சம்பளத்தைக் கனவிலும் கண்டதில்லை.

இந்தப் பெருக்கல் வகுப்பு எடுப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்த படியாக 'ஒழுக்கம்' என்ற சொல்லைக் கொண்டுவருகிறார்கள். டீ குடிக்கும் காசைச் சேமி, திருவிழாவுக்குச் செலவழிக்காதே, ஏழையாகப் பிறந்தது உன் தவறல்ல, ஏழையாகச் சாவதுதான் உன் தவறு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வறுமையைப் பழக்கமாகச் சுருக்குகிறது. நம் தாத்தாக்களிடம் சேமிக்கும் பழக்கம் இல்லாமலா போனது? சேமிப்பதற்கு அவர்கள் கையில் எதை விட்டு வைத்தார்கள்? சூத்திரன் பொருள் சேர்க்கும் திறன் பெற்றவனாக இருந்தாலும் சேர்க்கக் கூடாது என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. சூத்திரனுக்கே அப்படி என்றால், வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு? 1892-இல் வெள்ளையர் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஊருக்கு ஊர் கேட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இது டீக்கடையில் தொலைத்த சொத்து அல்ல, தோழர்களே.

உழைக்காமல் வரும் வருமானத்துக்கு இப்போது 'பாஸிவ் இன்கம்' என்று பெயர் வைத்து, ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல விற்கிறார்கள். நம் மண்ணில் அது ஆயிரம் ஆண்டுப் பழையது. பிரம்மதேயம் என்பது அதுதான். மேல்வாரம் என்பது அதுதான். ஜமீன் என்பதும் அதுதான். ஏர் பிடிக்காதவன் வீட்டுக்கு நெல் போய்ச் சேர்ந்தது. நாற்பது என்ன, பிறந்த நாளிலிருந்தே ஓய்வு பெற்றவர்கள் இங்கே தெருத் தெருவாக வாழ்ந்தார்கள். ஒருவருக்கு உழைக்காமல் வருமானம் வருகிறது என்றால், அதற்காக வேறொருவர் வேர்வை சிந்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பங்குச் சந்தையில் வரும் ஈவுத்தொகையும் வானத்திலிருந்து விழுவதில்லை. எங்கோ ஓர் ஆலையின் இரவு ஷிப்டிலிருந்துதான் வருகிறது.

இனி தொழில்முனைவுக்கு வருவோம். 'வேலை தேடாதே, வேலை கொடு' என்கிறார்கள். எங்கள் பகுதியில் தொழில் வளர்ந்த கதை அனைவரும் அறிந்ததே. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இருவரின் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு சமூகமே கட்டி எழுப்பிய ஏற்பாடு இருந்தது. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று விரட்டப்பட்ட நாடார்கள், உறவின்முறை அமைத்து, ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை பிடித்து, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1885-லேயே வந்துவிட்டது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். தனியொருவனின் 'மைண்ட்செட்' இதைச் செய்யவில்லை. பொதுப் பணம் செய்தது. இந்தக் கதையைச் சொல்லும் வகுப்பில் மகமை என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு சாதிக்குள் சேர்ந்த மூலதனம் அந்தச் சாதியை மேலே ஏற்றும். சாதியை ஒழிக்காது. மேலே போன பிறகு ஏணியைக் கீழே இருப்பவனுக்கு நீட்டுகிறார்களா என்பதற்கு நம் மாவட்டத்துத் தெருக்களே சாட்சி.

நம் பிள்ளை தொழில் தொடங்கினால் என்ன நடக்கும்? என் உறவினர் ஒருவர் சாப்பாட்டுக் கடை போட இடம் தேடினார். முன்பணம் கையில் இருந்தது. கட்டட உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கு எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னதும் இடம் வேறொருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டது. இதை எந்த எஸ்.ஐ.பி. சரிக்கட்டும்?

இது இன்று நேற்று நடப்பதல்ல. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்த ஓர் இளைஞர் 1917-இல் ஊர் திரும்பினார். பரோடா அரசில் வேலை. அலுவலகத்தில் தீண்டாமை, தங்க இடமில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் படுத்தது. அந்த இளைஞர்தான் அண்ணல் அம்பேத்கர். முதலீடு பற்றி அவரைவிட அதிகம் படித்தவர்கள் அன்றைய பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, 'மைண்ட்செட்'டும் இருந்தது. சந்தைதான் சாதி பார்த்தது.

அதனால்தான் அவர் வேறொரு விடையைத் தேடினார். 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையைப் படியுங்கள். அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும், காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் அவர் வருமானத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு கட்டாயம் வேண்டும் என்கிறார். முதுமைக்கும் ஆபத்துக்குமான பாதுகாப்பு ஒருவரின் சாமர்த்தியமாக இருக்கக் கூடாது, குடிமகனின் உரிமையாக இருக்க வேண்டும் என்பதே நான் அதில் படிப்பது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்ததும் இதையே: அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு. ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. ஓட்டு நம்மிடம் இருக்கிறது. கடைவீதி நம்மிடம் இல்லை.

அந்த உரிமையின் இன்றைய நிலை என்ன? ஆலையில் ஆயுள் முழுதும் உழைத்தவருக்கு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டு அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்களின் பழைய ஓய்வூதியம் பறிபோனது. நம் வீடுகளில் முதல் தலைமுறை அரசு வேலைக்குள் நுழைந்த நேரம் பார்த்துத்தான் கதவு சாத்தப்பட்டது. துப்புரவுப் பணியோ ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. ஓய்வூதியத்தைப் பறித்தவர்கள், 'உன் ஓய்வுக்கு நீயே பொறுப்பு' என்று வகுப்பு எடுப்பவர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அவசரத்தில் நம் பிள்ளைகள் எங்கே போய் விழுகிறார்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கும் மேல். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று காட்டியவர்கள். மகளிர் குழுக் கடனிலும் அம்மாவின் கம்மலிலும் வந்த பணம் இதில் எவ்வளவு என்று எந்த ஆய்வும் எண்ணப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு, 'முதலீடே முதலாளித்துவம், பணமே பாவம்' என்று சில தோழர்கள் கிளம்பக்கூடும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தாத்தா வீட்டு மனையும் அப்பாவின் ஓய்வூதியமும் உள்ளவர் பணத்தை வெறுக்கலாம். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கும் பெண், மேற்பார்வையாளரிடம் "முடியாது" என்று சொல்ல முடியும். வங்கிக் கணக்கில் காசு உள்ளவர் ஊரில் சாவுக்குப் பறையடிக்க மறுக்க முடியும். சாதி மறுத்துத் திருமணம் செய்த இணையர் அன்றிரவே வேறு ஊருக்குப் பஸ் ஏற முடியும். நமக்குச் சேமிப்பு என்பது நாற்பதில் கடற்கரையில் படுப்பதற்கல்ல, இருபத்தைந்தில் நிமிர்ந்து நிற்பதற்கு. 'ஃபயர்' முழக்கத்தின் முதல் பாதியான பொருளாதார விடுதலை நம்முடையது. இரண்டாம் பாதியான சீக்கிர ஓய்வு அவர்களுடையது. நம் பாட்டிகள் எழுபதிலும் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கும்போது, வீட்டில் படித்த ஒரே பிள்ளைக்கு ஓய்வு ஏது?

அப்படியானால் என்ன செய்வது? என் அம்மா மாடு வளர்த்தவர். வத்திராயிருப்புப் பக்கத்தில் எங்கள் தெருப் பாலை மேலத்தெரு வீடுகளில் வாங்க மாட்டார்கள். ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக் கேனில் ஊற்றிவிட்டால் எது யார் வீட்டுப் பால் என்று எவராலும் பிரிக்க முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் யாரும் பாலின் தெருவைக் கேட்பதில்லை. தனியாக விற்றால் சாதி ஒட்டிக்கொள்கிறது. கூட்டாக விற்றால் அது ஒட்ட இடமில்லை. பங்குச் சந்தை வகுப்புகள் சொல்லித் தராத பொருளாதாரம் இது.

ஆகவே தம்பி தங்கைகளே, சேமியுங்கள். அவசர நிதி வையுங்கள், மருத்துவக் காப்பீடு எடுங்கள், புரியாத எதிலும் கடன் வாங்கிப் பணம் போடாதீர்கள். தொழில் தொடங்க விருப்பமா, அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. அது பிச்சையல்ல, பறிக்கப்பட்டதில் ஒரு துளி. மானியத்தைக் காட்டியும் கடனை மறுக்கும் வங்கி மேலாளர் முன்னால் தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். உங்கள் தெருவில் ஒரு பொது நிதி தொடங்குங்கள், சாதிச் சங்கமாக இல்லாமல் எல்லோருக்கும் திறந்த கூட்டுறவாக. பஞ்சமி நிலத்துக்கும், வாழத் தகுந்த ஓய்வூதியத்துக்கும், தனியார் துறை இட ஒதுக்கீட்டுக்கும் நடக்கும் போராட்டத்தில் நில்லுங்கள். உங்கள் முதலீட்டுப் பட்டியலில் இந்தப் போராட்டமும் இருக்கட்டும்.

உழைத்தவர் எல்லோருக்கும் அறுபதில் கௌரவமான ஓய்வு கிடைக்கும் நாடு நமக்கு வேண்டும். ஒரு சிலருக்கு நாற்பதில் கிடைக்கும் ஓய்வு, அந்த நாடு வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.