இரண்டு இடுக்குகள்

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்குக்குச் சென்றிருந்தோம். கூடாரம் அடிக்கலாமென்று குழந்தைகள் கண்ட கனவு முக்காலியிலேயே கலைந்தது; வனத்தினுள் பார்வையாளர் இரவு தங்கலாகாது. மறுநாட் காலை ஜீப்பில் 23 கிலோமீட்டர் குலுங்கிச் சைரந்திரியை அடைந்தோம். (இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.)

காட்சிக் கோபுரத்தின் மேல் நின்றால், மலைகளைப் பிளந்துகொண்டு கீழே குந்திப்புழை ஓடுவது தெரிகிறது. அங்கேதான் மின்சாரத்துக்காக அணை கட்ட முனைந்தனர். சோலைமந்திகள் வாழும் காடு மூழ்கிவிடும் என்று அறிஞரும் மக்களும் பல்லாண்டு வாதாடியபின் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று.

"இடுக்கியில் மட்டும் ஏன் கட்டினார்கள்?" என்று மூத்தவன் கேட்டான்.

அதையும் அவன் பார்த்தவன். இடுக்கு என்பதே அவ்வூருக்குப் பெயராயிற்று. குறவன், குறத்தி மலைகளுக்கிடையே பெரியாற்றை மறித்து, ஏறத்தாழ 169 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிறது அணை. 1976 முதல் கேரளத்துக்கு விளக்கேற்றுவது அது. பையன் குவார்ட்டர்ஸில் பாடம் படிப்பதும் அவ்வெளிச்சத்தில்தான். அது வேண்டாமென்று சொல்லும் துணிவு நமக்கில்லை. ஆயினும் குந்திப்புழை தப்பியது பற்றி மகிழ்ச்சியே. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

முக்காலிக்குத் திரும்பிக் கட்டுச்சோற்றை அவிழ்க்கும் வரை அவன் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான்.