நிறுவ முடியாதவரும் சாட்சிதான்

தன்னார்வலர்கள் எழுதித் தரும் மென்பொருள் ஒத்திசைவுச் சோதனைக் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இதுதான்: கருவியை நிறுவத் தெரியாதவர்கள் போடும் கூச்சலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இதற்கு அத்தாட்சியாகக் கட்டுரையாளர் யாங்கூனை இழுத்து வந்திருக்கிறார். மியன்மார் தன் எழுத்துருச் சிக்கலை வல்லுநர்களாலும் அரசாணையாலும் தீர்த்துக்கொண்டதாம். பயனர்களின் முனகலால் அல்லவாம். வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

பர்மிய எழுத்துமுறையைச் சீர்செய்த யூனிகோடு 5.1 வெளிவந்தது 2008இல். அதை மதிக்காத ஸாவ்ஜி எழுத்துரு, அதே குறியிடங்களில் தன் வசதிக்கு வடிவங்களைத் திணித்துக்கொண்டு நாடெங்கும் பரவியது. 2014இல் ஊரிடூ, டெலினார் தொலைபேசி நிறுவனங்கள் சிம் கார்டை 1,500 கியாட்டுக்கு விற்கத் தொடங்கியதும் கைபேசி வீட்டுக்கு வீடு நுழைந்தது. பேஸ்புக் கணக்கைத் திறந்து கொடுப்பதும் ஸாவ்ஜியை ஏற்றிக் கொடுப்பதும் போன் கடைகளின் வேலையாகவே இருந்தது. அரசு யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1. இடையில் 11 ஆண்டுகள் நெறி ஏட்டில் கிடந்தது, ஊர் ஸாவ்ஜியில் எழுதியது. அந்த 11 ஆண்டுகளைக் கட்டுரையாளர் எங்கே ஒளித்து வைத்தார்?

சிக்கலின் தன்மையாவது அவருக்குப் புரிந்ததா என்பதும் சந்தேகமே. பாமினியில் தட்டிய தமிழை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். கோளாறு கண்ணில் அறையும். ஸாவ்ஜியின் கோளாறு அப்படிப்பட்டதல்ல. ‘கெ’ என்பதை யூனிகோடு முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கிறது. பர்மிய எழுத்திலும் இப்படி இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறி உண்டு. ஸாவ்ஜி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முதலில் வைத்துவிடும். யூனிகோடுக்கும் ஸாவ்ஜிக்கும் குறியிடங்கள் ஒன்றே என்பதால் கணினிக்கு இரண்டும் ‘பர்மியம்’தான். சோதனைக் கருவி தேர்ச்சி என்று சொல்லும். திரையைப் படிக்கிற மனிதர் ‘இது என்ன கண்றாவி’ என்று கத்தினால்தான் பிழை இருப்பதே தெரியும். அந்தக் கத்தலைத்தான் இவர் இரைச்சல் என்கிறார்.

கூகுள் வெளியிட்ட ‘மியன்மார் டூல்ஸ்’ என்ற கண்டறியும் கருவிகூட ஒரு பனுவல் ஸாவ்ஜியாக இருப்பதற்கான சாத்தியத்தை 0 முதல் 1 வரை மதிப்பெண்ணாகத்தான் தருகிறது. இரண்டு சொல் செய்தியில் எந்தக் கருவியும் தடுமாறும். ஷான், மொன், கரேன் மொழிகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடங்களையும் ஸாவ்ஜி ஆக்கிரமித்திருந்ததால், ஷான் மொழியில் சரியாக எழுதியதை ஸாவ்ஜி என்று எண்ணி மாற்றிக் கெடுக்கும் ஆபத்தும் இருந்தது. யாங்கூனில் உட்கார்ந்து பர்மியத்தில் மட்டுமே சோதிப்பவருக்கு எல்லாம் சுத்தமாகவே தெரியும். ஷான் மாநிலத்துத் தவுஞ்சியிலிருந்து ஒருவர் புகார் சொல்ல வேண்டும்.

இப்போது நிறுவும் கதைக்கு வருவோம். அந்நாளில் பல ஆண்ட்ராய்டு போன்களில் எழுத்துருவை மாற்றவே போனின் தடைகளை உடைத்து ‘ரூட்’ செய்ய வேண்டியிருந்தது. உத்தரவாதம் போகும், சில வேளை போனே போகும். பயந்து பின்வாங்கியவரும், பாதியில் சிக்கியவரும், கடைக்காரரிடம் ஓடியவரும் கட்டுரையாளரின் கணக்கில் வரமாட்டார்கள். மிச்சம் இருப்பவர்களை எண்ணி ‘எல்லாருக்கும் ஓடுகிறது’ என்கிறார். காய்ச்சல்காரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ஊரில் காய்ச்சலே இல்லை என்று அறிக்கை எழுதும் வைத்தியம் இது. ஒத்திசைவைச் சோதிக்க வந்த கருவி ஒரு போனில் ஏறவே மறுக்கிறது என்றால், அந்தப் போனைப் பற்றிய சோதனை முடிவே அதுதான்.

இலவசம் என்பதால் குறை சொல்லக் கூடாது என்ற அவரது வாதத்தை என்னவென்பது! சொந்த போனையும் டேட்டாவையும் நேரத்தையும் பணயம் வைத்துச் சோதிப்பவரும் கூலி வாங்காத தன்னார்வலர்தானே?

‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை என்கிறார். அது மட்டும் உண்மை. ஆனால் போன் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் நின்றுபோன இடத்தையும் கருவியே குறித்துக்கொண்டு, பயனரின் சம்மதத்தோடு அனுப்பலாமே. அதைச் செய்யாத சோம்பலுக்குப் பயனரைத் திட்டுவது என்ன நியாயம்?

அடுத்த முறை வெற்றிப் பட்டியல் வெளியிடும்போது, நிறுவத் தொடங்கி முடிக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள், ஐயா. அதுவரை உங்கள் பட்டியலை நான் நம்புவதாக இல்லை.