முடிக்க விடுங்கள் சார்!

பேஸ்பால் என்றதும் 'நமக்கெதுக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரொம்பச் சுலபம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். முதல் பந்தை வீசிய பிட்சரே கடைசி அவுட் வரை நின்று முடித்தால், அவர் கணக்கில் ஒரு 'கம்ப்ளீட் கேம்'. வருஷக் கடைசியில், லீகிலேயே அதிகம் முடித்தவர் யார் என்று பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் அந்த முதலிடம் தேய்ந்த கதையைக் கேளுங்கள். 1904-ல் ஜாக் செஸ்ப்ரோ 48 ஆட்டங்களை முடித்தார். 1975-ல் கேட்ஃபிஷ் ஹன்ட்டர் 30. 1986-ல் ஃபெர்னாண்டோ வேலன்ஸுவேலா 20. 2010-ல் ராய் ஹாலடே 9. 2022-ல் சாண்டி அல்கன்டாரா வெறும் 6. அதற்கே ஊர் வாயைப் பிளந்தது! அந்த வருஷம் மற்ற 29 அணிகளில் ஒன்றுகூட, மொத்த பிட்சர்களையும் கூட்டினாலும், ஆறைத் தொடவில்லை.

கேட்டால், "கை போயிடும் சார், பாதுகாக்கிறோம்" என்கிறார்கள். நான் பி.காம். படித்தவன், தேய்மானக் கணக்கு எனக்கும் தெரியும். மெஷினை நிதானமாக ஓட்டினால் நாள்பட உழைக்கும். இவர்கள் செய்வது வேறு. "அஞ்சு இன்னிங்ஸ்தான் உனக்கு, இருக்கிற பலத்தையெல்லாம் ஒவ்வொரு பந்திலும் இறக்கு" என்கிறார்கள். சம்பளமும் வேகத்துக்குத்தான். விளைவு? முழங்கை ஆபரேஷன் குறையவில்லை, கூடியிருக்கிறது. 2023-ல் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 281 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். முழுசாக முடித்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை. 2024 ஏப்ரலில் முழங்கைக்கு ஆபரேஷன். அதே வருஷ டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கை விட்டது: காயங்களுக்கு முக்கியக் காரணம் வேகமும், ஒவ்வொரு பந்திலும் காட்டும் முழு பலமும்தானாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு அறிக்கை!

அல்கன்டாராவும் 2023-ல் ஆபரேஷன் டேபிளில் படுத்தவர்தானே என்பீர்கள். உண்மை. அவரும் 98 மைல் வேகத்தில் வீசியவர். பழைய முதலாளிகளும் புண்ணியவான்கள் இல்லை. 1980-ல் ஓக்லாண்ட் அணி ரிக் லாங்ஃபோர்டை 28 ஆட்டங்கள் முடிக்கவைத்து, சக்கையாகப் பிழிந்தது. அந்தக் கொடுமை திரும்ப வேண்டாம். ஆனால், எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே முழு பலத்தைக் காட்டுவது என்பது பிட்சரின் தொழில் நுணுக்கம். அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கணக்காவது ஜெயிக்கிறதா? மூன்றாவது சுற்றில் அதே பிட்சரை பேட்ஸ்மேன்கள் விளாசுவார்கள் என்பது அவர்களுடைய வேதம். சராசரியாக அது சரியும்கூட. ஆனால், மைதானத்தில் நிற்பது சராசரி அல்லவே! 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்தார். ஸ்கோர் 1-0. மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை போச்சு, கோப்பையும் போச்சு.

2022 ஏப்ரலில் க்ளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ், 21 பேர்... ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடவில்லை. வீசியது 80 பந்து. டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் "போதும்" என்றார். காயத்திலிருந்து மீண்ட கெர்ஷாவும் தலையாட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை.

அதே ராபர்ட்ஸ், 2025 அக்டோபரில் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் யோஷினோபு யமமோட்டோவை 105 பந்துகள் வீசி முடிக்க விட்டார். உலகத் தொடரில் ஒரு பிட்சர் தனியாக முடித்தது 2015-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த வருஷக் கோப்பை யாருக்கு என்று கேட்கிறீர்களா? டாட்ஜர்ஸுக்குத்தான்.