வெட்டி எழுத்து

"காசெல்லாம் கெடையாது தோழர். ஒங்க பேரு நாலு நாட்டுல தெரியுமில்ல!"

காலனிக் கதை வேண்டுமென்று நாலு தடவை போன் பண்ணிய வெளிநாட்டு இதழ்க்காரர், எவ்வளவு தருவீர்கள் என்றதும் சொன்னது இது. கண்டாச்சிபுரத்திலிருந்து என் அப்பா ஊர் ஊராகச் சாவு சொல்ல நடந்ததற்கும் கூலி கெடையாது. கேட்டால் 'வாய் நீளுது' என்பார்கள். 1853இல் லண்டனில் உட்கார்ந்து 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகைக்கு இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ் காசு வாங்கித்தான் எழுதினார். கொறச்சலாத் தர்றானுங்கன்னு திட்டவும் செய்தார். நாம கேட்டா மட்டும் இலக்கியம் தீட்டாயிடுமா?

கையெழுத்துக்கு ஒரு தாளும் வந்தது. 'உலகம் முழுக்க, என்றென்றைக்கும்' உரிமை அவருக்காம். சும்மாவா போட்டார்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிக்காமல் எழுதிக் கொடுத்தால் 5 வருஷந்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவோடு சரி. அவருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்குத்தான் எவரும் சொல்லித் தரவில்லை.

தோழர்களே, தொகை, தேதி, மொழிபெயர்ப்பு உரிமை எல்லாம் தாளில் வராமல் கதையை அனுப்பாதீர்கள். 'பதிவுக் கட்டணம்' என்று நம்மிடமே பணம் கேட்கிறவனை வாசலோடு அனுப்புங்கள்.

இந்த இதழுக்குச் சும்மாத்தான் எழுதுகிறேன். இது நம்ம வூட்டு வேலை. அவருடைய தாள் கையெழுத்தில்லாமல் பரணில் கிடக்கிறது.